எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை: கொடையாளியின் வெள்ளணுக்கள் துணையா, பகையா?

புது தில்லி: தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகளில் ரத்தம் ஏற்றும் பிரிவுக்குச் சென்றால், பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து படுக்கையில் பாடப் புத்தகத்துடன் சாய்ந்திருக்கும் சிறுவர், சிறுமியரைக் காணலாம். அவர்கள் தலசீமியா நோயாளிகள். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவர்களுக்கு ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்ற நாள்தோறும் மருந்தும் உட்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் இந்நோயின் கடுமையான வடிவத்துடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இக்குழந்தைகளுக்கு நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள ஒரே நிரந்தரத் தீர்வு, மற்றொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ பெறப்படும் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தின் குருத்தணுக்களைச் செலுத்துவதுதான். ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கும் இறுதி நம்பிக்கை இதுவே. ஆனால், இச்சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் குருத்தணுக்களுக்கு உள்ள பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு, அவற்றுடன் சேர்ந்து வரும் வேறொரு கூட்டத்துக்கு உண்டு. கொடையாளியின் நோய் எதிர்ப்பு அணுக்களே அக்கூட்டம். அவற்றை என்ன செய்வது என்பதே கடந்த 60 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகைக் குடைந்துவரும் கேள்வி. இக்கேள்விக்குக் கிடைத்துள்ள புதிய விடை, இந்தியா போன்ற நாடுகளுக்குப் பெரும் வாய்ப்பாக அமைந்துள்ளது.

விருந்தினர் தாக்கும் வீடு: மாற்று சிகிச்சை என்றதும் அறுவை அரங்கைக் கற்பனை செய்துகொள்வோர் உண்டு. நோயாளியைப் பொருத்தவரை இதில் அறுவையே கிடையாது. முதலில் கடும் மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ அவரது பழைய மஜ்ஜை அழிக்கப்படுகிறது. பின்னர் கொடையாளியின் அணுக்கள் அடங்கிய பை, வழக்கமான ரத்தப் பையைப் போலவே தொங்கவிடப்பட்டு நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. குருத்தணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் சென்று குடியேறுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் புதிய ரத்தம் ஊறத் தொடங்குகிறது.

அந்தப் பையில் கோடிக்கணக்கில் டி அணுக்களும் இருக்கின்றன. இவை வெள்ளணுக்களில் ஒரு வகை. தன் உடல் எது, அயல் பொருள் எது என்று பிரித்தறிந்து, அயலானவற்றை அழிக்கப் பழக்கப்பட்டவை. சிறுநீரக மாற்று சிகிச்சையில், நோயாளியின் உடல் புதிய உறுப்பை ஏற்க மறுத்துத் தாக்குவதுதான் பிரச்சினை. இங்கு நிலைமை தலைகீழ். புதிதாக வந்து சேர்ந்த எதிர்ப்புப் படை, தான் குடியேறிய உடலையே அயல் நாடாகக் கருதித் தாக்குகிறது. தோல் சிவந்து உரிகிறது. குடல் புண்ணாகிக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை தோன்றுகிறது. மருத்துவர்கள் ஜி.வி.எச்.டி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவது இதைத்தான். நாள்பட்ட வடிவத்தில் இது கண்ணீர்ச் சுரப்பிகளை வறளச் செய்வதும், தோலைத் தடிக்கச் செய்வதும், நுரையீரலைச் சுருங்கச் செய்வதும் உண்டு. புற்றுநோயை வென்ற பிறகு இதற்குப் பலியானவர்கள் ஏராளம்.

இந்நோயின் முதல் அனுபவங்கள் பனிப்போர்க் காலத்தைச் சேர்ந்தவை. 1958-ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய யூகோஸ்லாவியாவின் வின்சா அணு ஆய்வு நிலையத்தில் நிகழ்ந்த விபத்தில் ஆறு பேர் கடும் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். பாரீஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களில் ஐந்து பேருக்கு, ஜார்ஜ் மாதே தலைமையிலான மருத்துவர்கள், உறவினர் அல்லாத பிரெஞ்சுக் கொடையாளிகளின் மஜ்ஜையைச் செலுத்தினர். ஒருவர் இறந்தார்; மற்றவர்கள் பிழைத்தனர். அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1957-லேயே மஜ்ஜையை நரம்பு வழி செலுத்திய முயற்சிகளை வெளியிட்டிருந்தார். ஆனால் 1960-களில் தோல்விகளே மிகுதி. பிரெஞ்சு அறிஞர் ஜான் தோசே தொடங்கிவைத்த எச்.எல்.ஏ. ஆய்வுகள், அணுக்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளக் குறிகள் ஒத்துப்போனால்தான் சண்டை தணியும் என்று காட்டிய பின்னரே வழி பிறந்தது. தோசேவுக்கு 1980-லும் தாமஸுக்கு 1990-லும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீக்கினால் வந்த வினை: டி அணுக்கள்தான் வில்லன் என்று தெரிந்ததும், அவற்றை நீக்கிவிட்டுக் குருத்தணுக்களை மட்டும் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1980-களில் பல நாடுகளில் அவ்வாறே செய்து பார்த்தனர். ஜி.வி.எச்.டி. வெகுவாகக் குறைந்தது. மருத்துவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒருபுறம், செலுத்திய குருத்தணுக்கள் வேரூன்றாமல் போவது அதிகரித்தது. நோயாளியின் உடலில் எஞ்சியிருந்த பழைய எதிர்ப்பு அணுக்களை ஒடுக்கி, குருத்தணுக்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவை அந்த டி அணுக்களே என்பது அப்போதுதான் புரிந்தது. மறுபுறம், புற்றுநோய் திரும்ப வருவதும் கூடியது.

சியாட்டில் மையத்தின் மருத்துவர்கள் 1979-லேயே ஒரு விந்தையைச் சுட்டியிருந்தனர். ஜி.வி.எச்.டி.யால் அவதிப்பட்ட நோயாளிகளிடம் ரத்தப் புற்றுநோய் திரும்புவது குறைவாக இருந்தது. 1990-இல், 2,254 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து வெளியான பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு ஜி.வி.எச்.டி. வரவில்லை, ஆனால் புற்றுநோய் அதிகம் திரும்பியது. டி அணுக்கள் நீக்கப்பட்ட மஜ்ஜையைப் பெற்றவர்களின் கதையும் அதுவே. அதாவது, மாற்று சிகிச்சையில் புற்றுநோயைக் குணப்படுத்துவது முன்னதாகத் தரப்படும் கடும் மருந்துகள் மட்டுமல்ல. நோயாளியின் உடலைத் தாக்கும் அதே அணுக்கள், ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கின்றன.

இதற்கு நேரடிச் சான்று அதே ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து வந்தது. மாற்று சிகிச்சைக்குப் பின் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் திரும்பிய மூவருக்கு, ஹான்ஸ் யோகெம் கோல்ப் குழுவினர் புதிய மஜ்ஜை எதையும் கொடுக்காமல், பழைய கொடையாளியின் வெள்ளணுக்களை மீண்டும் ஏற்றினர். நோய் மறைந்தது. கொடையாளியின் வெள்ளணுக்களை மருந்தாகவே பயன்படுத்தும் இம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது.

(அந்தக் குறிப்பிட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்த பின், மாற்று சிகிச்சையின் தேவையே வெகுவாகக் குறைந்துபோனது. அம்மாத்திரையின் காப்புரிமைக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும், அதனால் மலிவு விலை மருந்து நிலைத்ததும் வாசகர்கள் அறிந்ததே.)

தலசீமியா வேறு கணக்கு: இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரத்தப் புற்றுநோயாளிக்குச் சிறிதளவு ஜி.வி.எச்.டி. வந்தால், கூடவே புற்றணு ஒழிப்பும் நடக்கிறது என்று மருத்துவர் ஆறுதல் கொள்ள இடமுண்டு. தலசீமியா குழந்தையிடம் அழிக்க வேண்டிய புற்றணு ஏதுமில்லை. அக்குழந்தைக்கு ஜி.வி.எச்.டி. முழுக்க முழுக்க நட்டமே. ஆனாலும் டி அணுக்களை முற்றிலும் நீக்கிவிட முடிவதில்லை. பல ஆண்டுகள் பலருடைய ரத்தத்தை ஏற்றிக்கொண்ட உடல், அயல் அணுக்களைக் கண்டதும் சீறும் அளவுக்குப் பழகியிருக்கிறது. அதை அடக்கக் கொடையாளியின் டி அணுக்கள் தேவைப்படுகின்றன.

இதில் ஓர் அனுகூலமும் உண்டு. தலசீமியாவில் கொடையாளியின் ரத்த உற்பத்தி நூற்றுக்கு நூறு நிலைபெற வேண்டும் என்பதில்லை. கொடையாளியின் அணுக்களும் நோயாளியின் அணுக்களும் கலந்து வாழும் நிலை ஏற்பட்டு, கொடையாளியின் பங்கு கால்பங்கு அளவே இருந்தாலும்கூட, ரத்தம் ஏற்றாமல் வாழ்வோர் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே ஒருவிதப் போர் நிறுத்தம் ஏற்பட்டுவிடுகிறது எனலாம்.

இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினரால் செய்யப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டி 1986-இல் இதைத் தொடங்கினார். தலசீமியா சிகிச்சையில் நாட்டின் நீண்ட அனுபவம் அம்மையத்துக்கே உண்டு. இத்தாலியின் பெசாரோ நகரில் குய்டோ லுகரெல்லி வகுத்த அபாயப் பிரிவுகள் மேலை நாடுகளுக்குப் பொருந்தின. இந்தியக் குழந்தைகளோ இரும்புச்சத்து நீக்கும் மருந்து போதிய அளவு கிடைக்காமல், கல்லீரல் வீங்கிய நிலையிலேயே சிகிச்சைக்கு வந்தனர். 7 வயதைக் கடந்து, கல்லீரல் 5 செ.மீ.க்கு மேல் பருத்தவர்களுக்கு அபாயம் மிக அதிகம் என்று வேலூர் குழு 2007-இல் தனியே பிரித்துக் காட்டியது. ஏழ்மை எவ்வாறு உடலில் அளக்கத்தக்க சென்டி மீட்டராக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நூற்றில் எழுபது பேரின் துயரம்: எச்.எல்.ஏ. குறிகள் தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதியாக வருகின்றன. எனவே, உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். குடும்பங்கள் சிறுத்துவரும் இக்காலத்தில், சுமார் 70 சதவீத நோயாளிகளுக்கு வீட்டுக்குள் பொருத்தமான கொடையாளி கிடைப்பதில்லை. அவர்கள் வெளியில் தேடியாக வேண்டும்.

ஜெர்மனியில் தொடங்கிய டி.கே.எம்.எஸ். அமைப்பு மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொடையாளிகளைப் பதிந்து வைத்திருக்கிறது. உலகப் பதிவேடுகளில் மொத்தம் 4 கோடிக்கு மேல் உள்ளனர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி உள்ளிட்ட இந்தியப் பதிவேடுகளில் சில லட்சம் பேர் மட்டுமே உள்ளனர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு இது எம்மாத்திரம்?

எண்ணிக்கை மட்டும் பிரச்சினையன்று. நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம் செய்துவந்த சமூகத்தில், அடையாளக் குறிகளும் சாதிவாரியாகவும் வட்டாரவாரியாகவும் திரண்டு கிடக்கின்றன. தலசீமியா மரபணுவே சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்தின் லோஹானாக்கள், வங்காளிகள் ஆகியோரிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கும் அகமணமே முக்கியக் காரணம். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்தவர்களின் வாரிசுகள் பெருமளவில் வாழும் தில்லியில் இந்நோய் அதிகம் தென்படுவது தற்செயல் அல்ல. ஒரு சமூகம் கொடையாளர் பதிவேட்டில் இடம்பெறாவிட்டால், அச்சமூகத்தின் நோயாளிக்குப் பதிவேட்டால் பயன் சொற்பமே. பழங்குடியினர், தலித்துகள், கிராமப்புற மக்கள் ஆகியோர் பதிவேடுகளில் எவ்வளவு பேர் என்று கேட்க வேண்டியது இங்குதான்.

மூன்றாம் நாள் மருந்து: பாதி மட்டுமே பொருந்தும் கொடையாளி ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. தாய், தந்தை, பெற்ற பிள்ளைகள் ஆகியோர் எப்போதும் பாதிப் பொருத்தம் உள்ளவர்கள். முன்பெல்லாம் பாதிப் பொருத்தத்தில் டி அணுக்களின் தாக்குதல் உயிரைக் குடிக்கும் அளவுக்கு இருந்தது. இத்தாலியின் பெருஜியா நகரக் குழுவினர், டி அணுக்களை நீக்கிவிட்டுக் குருத்தணுக்களை மிகப் பெரும் எண்ணிக்கையில் செலுத்தி 1990-களில் வழி கண்டனர். அப்போது, இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வேறொரு வகை வெள்ளணுக்கள், ஜி.வி.எச்.டி. உண்டாக்காமலேயே புற்றணுக்களை அழிப்பதையும் 2002-இல் எடுத்துக்காட்டினர். ஆனால் டி அணுக்களைக் காந்த முறையில் பிரிக்கும் கருவிக்கும் அதன் உபகரணங்களுக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் பல லட்சம் ரூபாய் தேவை. அதோடு, டி அணுக்கள் இல்லாத உடல் பல மாதங்கள் கிருமிகளுக்குத் திறந்த வீடாகக் கிடக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவிட்ட இந்திய மருத்துவமனைகளில் அது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

விடை வந்தது பழைய மருந்து ஒன்றிலிருந்து. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ மையத்தில் லியோ லுஸ்னிக், எப்ரெயிம் ஃபுக்ஸ் குழுவினர், மஜ்ஜை செலுத்திய மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்தைக் கொடுத்தனர். 1950-களில் உருவான இம்மருந்து, போர்க்களத்தில் பயன்பட்ட கடுகு நச்சுவாயுவின் வேதியியல் வழித்தோன்றல். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

இதன் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. நோயாளியின் உடலை அயலாகக் கண்டு சினம் கொள்ளும் டி அணுக்கள் முதல் இரண்டு மூன்று நாள்களில் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. பெருகும் அணுக்களையே இம்மருந்து குறிவைக்கும். கிருமிகளை எதிர்க்கப் பயன்படும் மற்ற டி அணுக்கள் அப்போது ஓய்வில் இருப்பதால் கணிசமானவை தப்பிவிடுகின்றன. குருத்தணுக்களிடமோ இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி மிகுதியாக உண்டு, அவற்றுக்கும் பாதிப்பில்லை. சண்டையைத் தணிக்கும் ஒழுங்காற்று டி அணுக்களும் இம்மருந்தைத் தாங்கி மீள்வதாகப் பிந்தைய ஆய்வுகள் கூறுகின்றன. கலகம் செய்ய முதலில் எழுந்து நிற்பவர்களை மட்டும் அடையாளம் கண்டு அகற்றுவது போன்ற ஏற்பாடு இது.

பாதிப் பொருத்தத்துக்காக வந்த இம்முறை, முழுப் பொருத்தம் உள்ளவர்களுக்கும் பயன்படுவதை 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நிறுவியது. 431 பேர் பங்கேற்ற அச்சோதனையில், ஓராண்டு முடிவில் கடுமையான ஜி.வி.எச்.டி.யோ நோய் திரும்புதலோ இன்றி உயிர்வாழ்ந்தோர் புதிய முறையில் 52.7 சதவீதம், பழைய மருந்துகளில் 34.9 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சைக்ளோபாஸ்பமைட் உள்ளது. காப்புரிமைத் தொல்லை இல்லை, இந்தியாவிலேயே தயாராகிறது. விலையுயர்ந்த கருவி செய்த வேலையை, எந்த மருந்தகத்திலும் வாங்கக்கூடிய பழைய மருந்து செய்யும்போது, கொடையாளி கிடைக்காமல் திரும்பிச் சென்ற குடும்பங்களுக்குக் கதவு திறக்கிறது. தில்லி, மும்பை, வேலூர், சென்னை, கொல்கத்தா, பெங்களூர் என்று நாட்டின் முக்கிய மையங்களில் பாதிப் பொருத்த சிகிச்சை இன்று வழக்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை தேவை. பலரது ரத்தம் ஏறிய தலசீமியா குழந்தைக்கு, பாதிப் பொருத்தத்தில் குருத்தணு வேரூன்றாமல் போகும் அபாயம் முழுப் பொருத்தத்தைவிட அதிகம். விளம்பரப் பலகைகள் இதைச் சொல்வதில்லை.

எவரிடமிருந்து, எதிலிருந்து எடுப்பது என்பதும் டி அணுக் கணக்கை மாற்றும். ஊசி போட்டு ரத்தத்தில் பெருகச் செய்து சேகரிக்கும் குருத்தணுக்களுடன், இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மஜ்ஜையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு டி அணுக்கள் வருகின்றன. உறவினர் அல்லாத கொடையாளிகளைக் கொண்டு நடந்த அமெரிக்கச் சோதனையில், இரண்டு ஆண்டுகளில் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. முன்னதில் 53 சதவீதம், பின்னதில் 41 சதவீதம் என 2012-இல் தெரியவந்தது. கொடையாளிக்கு எளிது என்பதால் ரத்தத்திலிருந்து எடுப்பதே பெருவழக்கு. தலசீமியாவில் பல மருத்துவர்கள் இன்றும் மஜ்ஜையையே விரும்புகின்றனர். பலமுறை கருவுற்ற பெண்ணின் டி அணுக்கள் ஆண் நோயாளியின் உடலைக் கூடுதலாகத் தாக்கும் என்பதால், இரண்டு பேர் பொருந்தினால் இளம் வயது ஆணையே தேர்வு செய்வர். எனினும் பல குடும்பங்களில் முதலில் கை நீட்டுபவர் தாயாகவே இருக்கிறார்.

பணம் எங்கே? உடன்பிறந்தவரின் முழுப் பொருத்தத்துடன் நடக்கும் சிகிச்சைக்கே 10 முதல் 15 லட்சம் ரூபாய் ஆகிறது. பாதிப் பொருத்தத்தில் தொற்று நோய்களும் மருத்துவமனை நாள்களும் கூடுவதால் செலவு அதைவிட வெகுவாக உயர்கிறது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் குடும்ப வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். தலசீமியாவுக்கென 2017-இல் கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் வந்த திட்டம் ஒரு குழந்தைக்கு 10 லட்சம் வரை வழங்குகிறது. பிற்பாடு கடும் ரத்தசோகையான ஏபிளாஸ்டிக் அனீமியாவுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும், குடும்பத்துக்குள் முழுப் பொருத்தமுள்ள கொடையாளி இருப்பவர்களை மனதில் வைத்தே அது தொடங்கப்பட்டது. பிறவி எதிர்ப்புக் குறைபாடு போன்ற அரிய நோய்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையும், 2022 திருத்தப்படி 50 லட்சம் வரையிலான உதவியும் உள்ளன. அரிவாளணு ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க 2023-இல் மத்திய அரசு தொடங்கிய இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கு கொண்டது. ஏற்கெனவே நோயுடன் வாழும் பழங்குடிச் சிறார்களில் எத்தனை பேருக்கு மாற்று சிகிச்சை எட்டும் என்பதற்கு அதில் இலக்கு இல்லை.

கொடையாளியே தேவைப்படாத மரபணு சிகிச்சை வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைத் திருத்தி மீண்டும் செலுத்துவதால் ஜி.வி.எச்.டி. என்ற பேச்சே அதில் இல்லை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் வைக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். இந்திய ஏழைக்கு அது கானல் நீர்.

மாற்று சிகிச்சைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. பாசத்தின் பேரில் தந்தையோ அண்ணனோ குழந்தைக்கு ரத்தம் கொடுக்க முன்வருவது நம் வழக்கம். அந்த ரத்தத்தில் உள்ள டி அணுக்கள், பாதி ஒத்த அடையாளத்தால் குழந்தையின் உடலை ஏமாற்றி நிலைத்து, ஜி.வி.எச்.டி.யை உண்டாக்கக்கூடும். அரிதென்றாலும் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. தவிர, பின்னாளில் அதே உறவினர் மஜ்ஜை தரும்போது குழந்தையின் உடல் அவரது அணுக்களை முன்பே எதிரியாக அறிந்திருக்கும். ஆகவே உறவினர் ரத்தத்தைத் தவிர்க்க வேண்டும்; மாற்று சிகிச்சை பெறுவோருக்கு ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சால் டி அணுக்கள் முடக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இதற்கான கதிர்வீச்சுக் கருவி பெருநகர ரத்த வங்கிகளில் உண்டு. மாவட்டத் தலைநகர்களின் ரத்த வங்கிகளில் பெரும்பாலும் இல்லை.